பால்வாடிக்கு இன்னொருவர் தேவை

கடந்த மாதம் எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்தில் ஒரு முற்பகலைக் கழித்தேன். பத்து மணிக்குப் பணியாளர் கதை சொல்லத் தொடங்கினார். காக்கை மரத்தில் வந்து அமர்வதற்குள், சத்துமாவு கேட்டு ஒரு கர்ப்பிணி வந்துவிட்டார். அடுத்து வருகைப் பதிவு. செயலி திறக்காததால், கைப்பேசியை ஏந்தியபடி வாசலில் நின்றார். உதவியாளர் அன்று விடுப்பு என்பதால் அடுப்பும் அவர் பொறுப்பே. காக்கை கடைசிவரை வடையைத் திருடவே இல்லை.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளை ஏற்றது. கிராமத்தில் அவற்றில் பெரும்பகுதி ஒருவர் தலையில்தான் விழுகிறது. மதிய உணவு தாமதமானால் பெற்றோர் கேட்பார்கள். எடைக் கணக்கு பதிவேறாவிட்டால் மேலதிகாரி கேட்பார். கதை பாதியில் நின்றால் கேட்பாரில்லை. ஆகவே முதலில் கைவிடப்படுவது கல்விதான். வசதியுள்ள பெற்றோர் மூன்று வயதிலேயே பென்சிலைத் திணிக்கும் தனியார் மழலையர் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். மற்ற குழந்தைகள் இங்கே காத்திருக்கிறார்கள்.

இதற்கு என்ன செய்யலாம் என்பது தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பொருளியலாளர்கள் கானிமியான், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களில் மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்தினர். அவருக்கு முன்பருவக் கல்வி ஒன்றே பணி. கற்பிக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. கணிதத்திலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினர். நான் எதிர்பாராதது வேறொன்று: வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும்கூடக் குறைந்தன. பழைய பணியாளருக்குக் கிடைத்த ஓய்வு நேரம், தாய்மாரையும் எடை குறைந்த குழந்தைகளையும் கவனிக்கப் பயன்பட்டது.

செலவோடு ஒப்பிட்டால் பயன் பன்மடங்கு என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. செலவு குறைவாகத் தெரிவதற்கு ஊதியம் குறைவாக இருப்பதும் ஒரு காரணம். அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது இன்றும் மதிப்பூதியமே. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உறுதிசெய்யவே 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. கூடுதலாக வருபவரும் இன்னொரு மலிவான பெண்ணாக இருப்பாரெனில், சில ஆண்டுகளில் அவர் கையிலும் ஒரு பதிவேடு வந்து சேரும்.

2019இல் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கிய அரசு, 2022இல் அவற்றுக்கான ஆசிரியர்களைத் திரும்பப் பெற முனைந்து, எதிர்ப்பு எழுந்தபின் பின்வாங்கியது. அத்தகைய தடுமாற்றம் மீண்டும் வேண்டாம். முதலில் குழந்தைகள் அதிகமுள்ள மையங்களில், நிலையான பணியிடமாகவும் முறையான ஊதியத்துடனும், கல்விக்கு மட்டும் ஒருவரை அமர்த்தட்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் நான் தேடப்போவது அந்த ஒரு வரியைத்தான்.