கட்டுப் பிரித்த பின்

 

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஃபஜ்ருத் தொழுகைக்கு ஒளூச் செய்யச் சென்ற என் தாயார் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். வயது எழுபதைக் கடந்தவர். விழும்போது வலக்கையை ஊன்றியதால் மணிக்கட்டருகே எலும்பு முறிந்துவிட்டது. தருமபுரியில் மாவுக்கட்டுப் போட்டுவந்தோம். ஆறு வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்த மருத்துவர், எலும்பு நன்கு கூடிவிட்டது என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம்.

அன்று மக்ரிபுக்குப் பின் தாயார் துஆவுக்குக் கையேந்தினார். இடக்கை விரிந்தது. வலக்கையோ மேல்நோக்கித் திரும்பவில்லை, விரல்கள் விறைத்திருந்தன. அவர் கண்கள் கலங்கியதைக் கண்டு நாங்கள் திகைத்துப் போனோம்.

தவறு எங்களுடையதே. அந்த ஆறு வாரங்களும் அவரை அசையவே விடவில்லை. சோறு பிசைந்து ஊட்டினோம், தலைவாரி விட்டோம், கழுத்தில் தொங்கிய துணித் தொட்டிலிலிருந்து கையை எடுக்கக்கூட அனுமதிக்கவில்லை. பணிவிடை என்று எண்ணிச் செய்தது கையை முடக்கிவிட்டது.

இவ்வகை முறிவை 1814ஆம் ஆண்டில் விவரித்தெழுதியவர் அயர்லாந்தின் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. காலம் சென்றால் கை தன் இயக்கத்தை முழுமையாகப் பெற்றுவிடும் என அவர் நம்பினார். பிந்தைய மருத்துவ அனுபவம் வேறு பாடம் கற்பிக்கிறது. எலும்பு தானே கூடும். ஆனால் கையின் இயக்கத்தை நாம்தான் மீட்க வேண்டும். அசையாத கையில் வீக்கம் தங்குகிறது, மூட்டுகள் இறுகுகின்றன, விரல்களை இழுக்கும் தசைநாண்கள் வழுக்கி ஓடாமல் ஒட்டிக்கொள்கின்றன.

ஆதலின், வாசகர்களே, மாவுக்கட்டாயினும் புத்தூர்க் கட்டாயினும், மருத்துவர் தடுக்காத வரை முதல் நாளிலிருந்தே விரல்களை அசைக்கச் செய்யுங்கள். மோதிரம், வளையல்களை உடனே கழற்றிவிடுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். விரல்களை முழுமையாக மடக்கி, முழுமையாக நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் தினமும் பலமுறை அசைக்க வேண்டும். இல்லையேல் தோளும் இறுகிவிடும்.

பெருவிரலால் மற்ற விரல்களைத் தொடுவது மருத்துவர்கள் கற்பிக்கும் பயிற்சிகளுள் ஒன்று. நாம் விரல்களால் தஸ்பீஹ் எண்ணும் முறையும் அதுவன்றோ! ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் மணிமாலையை ஒதுக்கிவிட்டு, முறிந்த கையின் விரல்களிலேயே எண்ணச் சொல்லுங்கள். ஒளூவின்போது கட்டின் மீது ஈரக்கையால் மஸஹ் செய்யவும், ஸஜ்தாச் செய்யவே இயலாதவர் சைகையால் அதை நிறைவேற்றவும் மார்க்கம் இடமளித்திருப்பதால், கட்டை நனைக்கவோ கையை வருத்தவோ தேவையில்லை.

கட்டுப் பிரித்த பின், மருத்துவரின் யோசனைப்படி, வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிப் பழக வேண்டும். பிறகு துணி பிழிதல், மாவு பிசைதல் எனச் சிறு வேலைகளைப் படிப்படியாகக் கொடுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதும், ஸஜ்தாவில் கையூன்றி எழுவதும் மருத்துவர் அனுமதித்த பிறகே. பிடிவலு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.

விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி தாங்க முடியாமல் மிகுந்தாலோ, எவர் போட்ட கட்டாயினும் அன்றே மருத்துவமனைக்கு விரையுங்கள். சில வாரங்கள் கழித்துப் பெருவிரல் திடீரெனத் தூக்க இயலாமற் போனால், தசைநாண் அறுந்திருக்கக் கூடும்.

நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா எனப் பரிசோதிப்பது அவசியம். அடுத்த முறிவு இடுப்பில் நேரலாம். நம் தருமபுரி மண்ணில் விளையும் கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. களியைப் பழைய உணவென ஒதுக்காதீர்கள். ஒளூச் செய்யுமிடத்தில் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள்.

என் தாயார் இப்போது தம் கையாலேயே உண்கிறார். ஐந்து மாதப் பயிற்சிக்குப் பின் உள்ளங்கை முக்கால் பங்கு திரும்புகிறது. முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் இவ்வளவு துன்பம் இருந்திராது. உங்கள் வீட்டுப் பெரியோருக்கு அந்நிலை வர வேண்டாம். அவர்கள் தட்டுத் தடுமாறிச் சோற்றைப் பிசைகையில், சற்றுப் பொறுமையுடன் அருகில் அமர்ந்திருங்கள். அதுவும் பணிவிடையே.