பழைய கார், கையில் கொஞ்சம் பணம்: முதலில் எதைச் சரிசெய்வது?

2025 செப்டம்பர் 30ஆம் தேதி பூடி95 திட்டம் மக்கள் அனைவருக்கும் தொடங்கியபோது ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 2.05 ரிங்கிட்டிலிருந்து 1.99 ரிங்கிட்டாகக் குறைந்தது. எண்ணெய் நிலையங்களில் அப்போது மைகார்டைப் பற்றித்தான் பேச்சு. மாதம் 120 லிட்டர் ஊற்றுபவருக்கு இந்த ஆறு சென் குறைவால் மிச்சமாவது 7 ரிங்கிட் 20 சென். காற்று இறங்கிய டயர், தேய்ந்த பிளக், பிடித்துக்கொண்டு விடாத பிரேக் ஆகியவற்றோடு ஓடும் ஒரு பழைய கார் அந்த மிச்சத்தை ஒரே வாரத்தில் விழுங்கிவிடும்.

எண்ணெய் விலை செய்தியாகிறது. காரின் பராமரிப்புக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. ஆனால் நம்மில் பலருக்கு மாதக் கடைசியில் கையைக் கடிப்பது இந்தப் பராமரிப்புதான்.

என் அக்காள் மகன் சென்ற ஆண்டு ஒரு புரோட்டோன் சாகா எஃப்.எல்.எக்ஸ். வாங்கினான். 2012ஆம் ஆண்டுக் கார், மீட்டரில் 1 இலட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். ரவாங்கிலிருந்து ஷா ஆலாமுக்குத் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும். சம்பளம் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைவிடச் சற்று அதிகம். வாங்கிய முதல் மாதமே ஸ்போர்ட் ரிம், புதிய ரேடியோ, கண்ணாடிக்கு டின்டட் எல்லாம் வந்துவிட்டன. நான் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பார்த்தேன். 2316 என்று அச்சாகியிருந்தது. 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அதற்குப் பொருள். "மாமா, பூ இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்றான். பூ இருந்தது உண்மைதான். சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கும் மேலேயே இருந்தது. ஆனால் ரப்பர் காய்ந்து, பள்ளங்களில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. மழை நாளில் நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது அந்த வெடிப்பு என்ன செய்யும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் நாம் பதில் சொல்கிறோம். 1.3 லிட்டர் காருக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட் சாலை வரி. அதையும் காப்புறுதியையும் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறோம், சாலைத் தடுப்பில் கேட்பார்கள் என்பதால். பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினாய் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

2025 மே மாதம் தெலுக் இந்தானில் லோரி மோதி எஃப்.ஆர்.யு. காவலர்கள் 9 பேர் மாண்டார்கள். அடுத்த மாதம் கெரிக்கில் பேருந்து கவிழ்ந்து உப்சி மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு லோரி, பேருந்துகள் மீது அரசின் பார்வை இறுகியது. அது தேவையான நடவடிக்கைதான். வணிக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது முன்பே உள்ள விதி. சொந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. பெயர் மாற்றும்போது ஒரு பரிசோதனை, அதோடு சரி. 2009இல் 15 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வேண்டும் என்று தேசிய வாகனக் கொள்கையில் அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், அரசு கைவிட்டது. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் புதியது வாங்க முடியாதவர்கள். ஆனால் அந்த விவாதம் அன்றோடு நின்றது. இன்றும் பரிசோதிப்பவர் யாரும் இல்லாததால் அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது.

சரி, கையில் இருப்பது சில நூறு ரிங்கிட் மட்டுமே என்றால் எங்கே தொடங்குவது? முதலில் ஒரு விதி. விற்றவர் "எல்லாம் மாத்தியாச்சு" என்று சொன்னாலும் ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். பெடலின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் தோலும் காரின் வயதை ஓரளவு சொல்லிவிடும்.

காசு செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. டகாட்டா காற்றுப்பை பொருத்திய கார்கள் திரும்பப் பெறப்படுவது பலருக்குத் தெரியும். 2014இல் சிபுவில் நடந்த விபத்தில், வெடித்த காற்றுப்பையிலிருந்து பாய்ந்த உலோகத் துண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிய ஒரு கர்ப்பிணியின் உயிரைப் பறித்தது. நிறுவனங்கள் இந்தக் காற்றுப்பையை இலவசமாக மாற்றித் தருகின்றன. ஆனால் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குத்தான் போகும். மூன்றாவது கையாக வாங்கியவருக்கு வந்து சேராது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து நீங்களே கேட்க வேண்டும்.

பணம் போட வேண்டிய முதல் இடம், கார் நிற்பதற்கும் திரும்புவதற்கும் காரணமானவை. டயர், பிரேக் பேட், பிரேக் ஹோஸ், முன்சக்கரத்தின் போல் ஜாயிண்ட், டை ரோட். போல் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் உள்ளே மடங்கிவிடும், பிறகு ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய எண்ணெய் ஊரில் ஓட்டும்போது தொந்தரவு தராது. கெந்திங்கிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிக் கொதிக்கும். அப்போது பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். பட்டறையில் மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவு சொற்பம்.

அடுத்து வருவது, ஒரு சிறு சாமான் போனால் இயந்திரத்தையே கொல்லும் இடங்கள். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் தேடுவதில்லை. ஒரு ஹோஸ் வெடித்திருக்கலாம், வாட்டர் பம்ப் கசியலாம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையில் கீறல் விழுந்திருக்கலாம். அதற்கு ஆகும் சில நூறு ரிங்கிட்டைத் தள்ளிப்போட்டால், கார் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய், சில ஆயிரம் ரிங்கிட் செலவில் வந்து நிற்கும்.

டைமிங் பெல்ட்டும் இதே இனம். முதல் தலைமுறை மைவியில் இருப்பது சங்கிலி, அதற்கு இந்தக் கவலை குறைவு. கேம்ப்ரோ இயந்திரம் கொண்ட சாகா, பெர்சோனாவில் இருப்பது பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எப்போது மாற்றியது என்று தெரியாத காரில், ரோலரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. கூலி ஒரு முறைதான் போகும்.

கியர் எண்ணெய் அதற்குப் பிறகு. எஃப்.எல்.எக்ஸில் சிவிடி கியர் பெட்டி இருந்தால் அதற்குரிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஃபோர்மென் சொன்னால் வேறு பட்டறைக்குப் போவதே மேல். பிளக், ஃபில்டர், ஏர்கோன் எல்லாம் இன்னும் பின்னால் நிற்கலாம். நம் வெயிலில் ஏர்கோனைப் பின்னால் தள்ளு என்று சொன்னால் என் அக்காளே என்னை ஏசுவார், ஆனாலும் சொல்கிறேன்.

இதில் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2024 மார்ச் முதல் பதிவு பெற்ற பட்டறைகளில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக ஏறிவிட்டது. எண்ணெய்க்குக் கொடுக்கும் சலுகையில் ஒரு துளியை, பழைய காரின் பிரேக், டயர் பரிசோதனைக்கு இலவசமாகத் திருப்பிவிட்டால் என்ன? அபராதமும் வேண்டாம், தடையும் வேண்டாம். குறையைக் காட்டி ஒரு தாள் கொடுத்தால் போதும். 2009இல் எழுந்த கோபம் அப்படியொரு திட்டத்துக்கு எழாது என்றே நினைக்கிறேன்.

அக்காள் மகன் ரிம்மை விற்றுவிட்டான். அந்தப் பணத்தில் பழைய அளவிலேயே நான்கு டயரும் பிரேக் எண்ணெயும் மாற்றியாயிற்று. டைமிங் பெல்ட் அடுத்த மாதச் சம்பளத்தில். அதுவரை பினாங்கிலிருக்கும் பாட்டியைப் பார்க்கப் பேருந்தில்தான் போகிறார்கள்.