வாரம் ஒரு மாத்திரையும் வலிக்காத கல்லீரலும்

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் எழுதித் தந்த சீட்டு, பல இல்லங்களில் நாட்காட்டியின் பின்னே செருகப்பட்டபடியே இருந்துவிடுகிறது. விரல் வீக்கம் வடிந்து, பிறர் கையைப் பற்றாமல் கோயில் படி ஏற முடிந்ததும், 'உடம்புதான் நன்றாக இருக்கிறதே, இனிச் சோதனை எதற்கு?' என்று தோன்றுவது இயல்பே. முடக்குவாதத்திற்கு மருந்து உண்போர்க்கு அந்த எண்ணம் ஆகாது. மூட்டுக்குத் துன்பம் நேர்ந்தால் வலித்து அறிவிக்கும். கல்லீரலோ பெரும்பாலும் வலிப்பதில்லை.

முடக்குவாதம் முதுமையின் தேய்மானம் அன்று. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது. அதனை அடக்க மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக் குழு, 1940களில் புற்றுநோய்க்கென உருவாக்கியது. நாள்தோறும் இம்மருந்தை விழுங்குவோருள் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்? 1988இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்திற்கும் இதனை அனுமதித்தது.

'நாள்தோறும்' என்றது பலரையும் குறித்து. ஒருவர் உண்ண வேண்டுவது வாரத்தில் ஒரே நாள்தான். பெரும் பிழை நேர்வதும் இங்கேதான். மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டிற்குச் சென்ற பெரியவருக்கு, இரத்த அழுத்த மாத்திரையோடு இதனையும் தினமும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வாய்ப்புண்ணில் தொடங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை அட்டையின் மேல் 'செவ்வாய் மட்டும்' என்பதுபோல் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுவது நலம். விரத நாளை மறவாத குடும்பங்களுக்கு இது அரிதன்று. வேறு நாளில் உண்ணத் தரப்படும் ஃபோலிக் அமிலம் வெறும் சத்து மாத்திரை அன்று. கல்லீரல் பாதிப்பையும் அது குறைக்கிறது.

முற்காலத்தில், தோல் நோய்க்காக இம்மருந்தை நெடுநாள் உண்டோரின் கல்லீரலில் ஊசியிட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பர். முடக்குவாதத்திற்கு இன்று அது வழக்கமன்று. இரத்தச் சோதனையே பெரும்பாலோர்க்குப் போதும். அதற்கும் ஒரு முறை உண்டு. மாத்திரை உண்ட ஓரிரு நாளில் எஸ்.ஜி.பி.டி. முதலியவை சற்று உயரலாம்; ஆதலால் அடுத்த மாத்திரைக்கு முந்திய நாளில் இரத்தம் கொடுப்பது நல்லது. பழைய அறிக்கைகளையும் வரிசையாகக் கோத்து எடுத்துச் செல்ல வேண்டும். பாஸ்புத்தகத்தின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கணக்கின் போக்கை அறிய இயலுமா? சிறிதளவு உயர்ந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது சில வாரம் நிறுத்திப் பார்ப்பார். அச்சத்தால் தாமே நிறுத்திவிடுவோர், மூட்டு கோணிய பின்னரே மருத்துவரிடம் திரும்புகின்றனர். கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது.

மதுப்பழக்கம், சர்க்கரை நோய், உடற்பருமன், கல்லீரல் கொழுப்பு ஆகியவை இருந்தால் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி வகைகள் உள்ளனவா என்று மருந்து தொடங்குமுன்பே பார்த்துவிட வேண்டும். லெஃப்ளுனோமைடு என்ற மற்றொரு மருந்தும் கல்லீரலைத் தாக்கக்கூடியதே. நிறுத்திய பின்னும் பல மாதங்கள் உடலில் தங்கும்.

மருத்துவரிடம் பலரும் சொல்லாமல் விடுவது கஷாயங்களைப் பற்றித்தான். 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்?' என்பார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், மெத்தோட்ரெக்சேட் உண்பவர் மருத்துவருக்குத் தெரியாமல் மற்றொன்றை அருந்துவது தகாது.

கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ, உணவைக் கண்டாலே குமட்டினாலோ, அடுத்த சோதனை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.