பிள்ளைகளின் விவரம் ஊர்ப் பொதுச் சொத்தா?

ஆடித்தபசு முடிந்த வாரம், சங்கரன்கோவிலில் மதினி முறையாகும் ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பீடித்தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டே போனை என்னிடம் நீட்டி, "பள்ளிக்கூட குரூப்புல என்னமோ வந்திருக்கு, வாசிங்க தம்பி" என்றார். ரூல் போட்ட தாளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். முப்பது பிள்ளைகளின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஆதார் எண், சாதி, வங்கிக் கணக்கு எண். விடுபட்டவர்கள் நாளைக்கே பாஸ்புக் நகல் கொண்டுவர வேண்டுமாம்.

"இதையெல்லாமா குரூப்புல போடுவாவ?" என்று கேட்டேன். "கேட்டாவ, குடுத்தோம். பச்சப்பிள்ளைய விவரத்துல என்ன தம்பி ரகசியம் இருக்கு?" என்றார்.

பீடிக் கூலியில் மூன்று பேரைப் படிக்க வைக்கிற தாய் அப்படிக் கேட்டால் அதில் குற்றமில்லை. ஆனால் இதையே பள்ளி நிர்வாகத்தினரும் படித்த பெரியவர்களும் ஒரு வாதமாக வைக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் சொல்வது, "ஊருக்கே தெரிந்த விஷயம்தானே" என்பது. யார் என்ன சாதி என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், உண்மைதான். அது தெரிந்திருப்பதால் என்ன நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில், இதே சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்கப் போன பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் தின்பண்டம் தர மறுத்தார். ஊர்க் கட்டுப்பாடு என்று பிள்ளைகளிடமே சொல்லி, அதை வீடியோவாகவும் பரப்பினார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. அந்தக் கடைக்காரருக்குப் பள்ளிப் பதிவேடு தேவைப்படவில்லைதான். ஆனால் தெருவில் அந்த அடையாளத்தோடு நடக்கிற பிள்ளை அதை இறக்கி வைக்க இருக்கிற ஒரே இடம் வகுப்பறை. அங்கேயும் "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எழுந்திருங்க" என்றால் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவன் ஒருவன் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது, ஆசிரியர் யாரும் மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பதிவேட்டிலேயே இருக்கக் கூடாததை வாட்ஸ்அப்பில் போடலாமா?

அடுத்தது, "விவரம் கொடுத்தால்தானே உதவி கிடைக்கும்" என்பது. உதவித்தொகைக்குச் சாதிச் சான்றும் வங்கிக் கணக்கும் வேண்டும்; மறுக்கவில்லை. அது தலைமையாசிரியர் மேசைக்குப் போகட்டும். ஆனால் உதவிக்கு வேண்டியது எது, சும்மா கேட்பது எது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. சேர்க்கைக்கு வரும் தாயிடம் "ஆதார் இல்லாமல் சேர்க்க முடியாது" என்று இன்னமும் சொல்லும் இடங்கள் உண்டு. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி என்பது பிள்ளையின் உரிமை, அரசு தரும் சலுகை அல்ல. ஆகவே பள்ளியில் சேர்க்க ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது. ஆதார் இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் நலத்திட்டத்தை மறுக்கவும் கூடாது.

"பெற்றோர் கையெழுத்துப் போட்டாச்சே" என்கிறார்கள். எப்படிப் போட்டது என்று பார்க்க வேண்டாமா? பையில் மடித்து வந்த படிவம், ராத்திரி எட்டு மணிக்கு, தறியிலிருந்து வந்த அப்பா அசதியில் இருக்கும்போது நீட்டப்படுகிறது. "நாளைக்குக் கொடுக்கலன்னா டீச்சர் ஏசுவாவ" என்று பிள்ளை அழுகிறது. அப்பா போடுகிறார், அல்லது அக்காக்காரி போடுகிறாள். இதற்குப் பெயர் சம்மதமா? அபார் என்ற மாணவர் அடையாள எண்ணுக்குப் பெற்றோர் சம்மதப் படிவம் உண்டு. விருப்பப்பட்டால் தரலாம், தந்ததைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் ஒன்றிய அரசின் நிலை. வேண்டாம் என்று சொல்லவும் வழி உண்டு என்பதை எத்தனை பள்ளிகள் பெற்றோரிடம் சொல்லின?

2024இல் பெற்றோரின் செல்போன் எண்ணைச் சரிபார்க்கப் பள்ளிகள் ஓடிபி கேட்டபோது பலர் ஆசிரியரிடம்கூடச் சொல்ல மறுத்தார்கள். அதை அறியாமை என்று பேசியவர்கள் உண்டு. யாரிடமும் ஓடிபி சொல்லாதே என்று வங்கியும் போலீசும் படித்துப் படித்துச் சொன்னதை அவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். காரணத்தை முதலில் விளக்கியிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

"அரசாங்கக் கணினியில் பத்திரமாக இருக்கும்" என்பார்கள். நம் பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடு நம்மைக் கூட்டிப்போன 'தீக்‌ஷா' செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்வர் ஒன்று பூட்டுப் போடாமல் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், போன் எண், மின்னஞ்சலும், ஆறு லட்சம் வாக்கில் மாணவர்களின் விவரமும் அதில் இருந்தன. அரசு நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சில்லை. சேர்த்து வைத்த எதுவும் ஒருநாள் சிந்தும். தேவையில்லாததைச் சேர்க்காவிட்டால் சிந்தவும் ஒன்றுமிருக்காது.

சிந்தியது எங்கே போகும் என்று கேட்டால், என் வீட்டிலேயே பார்த்தேன். மகளின் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே ஒரு கல்லூரியிலிருந்து போன். அவள் பெயர், பள்ளி, எடுத்த பாடப்பிரிவு எல்லாம் சரியாகச் சொன்னார்கள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். கல்லூரிக்காரர் சீட்டு விற்கிறார், போகட்டும். "உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்று பிள்ளையின் பெயரும் வகுப்பும் சொல்லிப் பேசி, பணத்தைச் சுருட்டுகிற கும்பலும் அதே விவரத்தோடுதான் வருகிறது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தால் ஆசிரியர்களுக்கு வேலை கூடும் என்கிறார்களே, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிந்து பதிந்து சலித்தவர்கள் அவர்கள்தான். கேட்கிற விவரம் குறைந்தால் முதலில் அவர்களுக்குத்தான் நிம்மதி.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஓட்டையும் இருக்கிறது: அரசு உதவித் திட்டங்களுக்கென்றால் அந்தச் சம்மதம் இல்லாமலே விவரத்தைக் கையாள அரசுக்கு இடம் உண்டு. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பீடி சுற்றுகிற தாய்மார்களும் தறி ஓட்டுகிற அப்பாக்களும் பூ கட்டுகிறவர்களும் அங்கே விருந்தாளிகள் அல்ல. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: இந்த விவரம் எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்? ஆதார் எண்ணும் சாதியும் வங்கிக் கணக்கும் எந்த குரூப்பிலும் போடப்படாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.