பாட்டு இருக்கிறது; படம் எங்கே?

ஓலைச்சுவடியைச் செல் அரித்தது. புத்தகத்தைப் பூச்சி தின்றது. இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டதை எந்தப் பூச்சியும் தீண்டாது, அது சிரஞ்சீவி என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் எத்தனை தவறானது என்பதை அறிய விரும்பும் வாசகர்கள், ஜப்பானியக் கார்ட்டூன் பட ரசிகர்களின் கதையைக் கேட்க வேண்டும்.

"அனிமே" எனப்படும் அந்தப் படங்களின் காட்சிகளை வெட்டியெடுத்து, தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றுக்குப் பொருந்துமாறு கோத்துக் காட்டுவது இந்த ரசிகர்களின் பொழுதுபோக்கு. 1982-ல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற 21 வயது அமெரிக்க இளைஞர் இரண்டு வீடியோ கேசட் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தார். "ஸ்டார் பிளேஸர்ஸ்" என்ற விண்வெளிப் போர்ப் படத்தின் உக்கிரமான காட்சிகளை எடுத்து, அன்பைப் போற்றும் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை அதற்குப் பின்னணியாக்கினார். ஒரு பக்கம் குண்டு மழை. மறு பக்கம் அன்பு மழை! வேடிக்கைக்காகச் செய்த இதுவே இவ்வகையில் முதலாவது என்கிறார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டெலிபோன் கம்பி வழியாக மூன்று நிமிஷப் படம் ஒன்றைப் பெற மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 2000-ஆம் ஆண்டில் இத்தகைய படங்களுக்கென்றே "அனிமே மியூசிக் வீடியோஸ்" என்ற இணையதளமும் தோன்றியது. யாருக்கும் காலணா லாபமில்லை. ஆசை ஒன்றே கூலி.

அவற்றில் பல இன்று எங்கே? தேடினால் பெயர் அகப்படுகிறது, படம் அகப்படுவதில்லை.

காரணங்கள் மூன்று. முதலாவது, சட்டம். 2005 நவம்பரில் விண்ட்-அப் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி, தன் பாடகர்களின் பாட்டுக்கள் உள்ள படங்களையெல்லாம் அகற்றுமாறு அந்தத் தளத்தைக் கேட்டது. ஆயிரக்கணக்கான படங்கள் நீக்கப்பட்டன. 2009-ல் யூடியூபிலோ, உரிமைத் தகராறுள்ள படங்களின் ஒலியை மட்டும் அடக்கிவிடும் வழக்கம் வந்தது. பாட்டுக்காகப் பிறந்த படம் ஊமையாக நின்றது!

இரண்டாவது, கம்பெனிகளின் கதவடைப்பு. லட்சக்கணக்கானோர் இலவசமாகப் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது. தொண்டர்கள் சிலர் முன்கூட்டியே ஓடோடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. மூன்றாவது, செய்தவர்களின் அசட்டை. கல்லூரிக் கம்ப்யூட்டரில் வைத்தவர் படிப்பை முடித்து வெளியேறினார். அவர் கணக்கோடு படமும் போயிற்று.

"அடுத்தவன் பாட்டை எடுத்தாண்டால் அகற்றத்தானே செய்வார்கள்?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாட்டுக்கு உரியவரின் உரிமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொதுப் பார்வையிலிருந்து விலக்குவது வேறு, பூண்டோடு அழிப்பது வேறு. ஒரு தலைமுறை எதை ரசித்தது என்று நாளை ஆராய வருகிறவருக்கு, பூட்டிய அறையிலாவது ஒரு பிரதி இருக்க வேண்டாமா?

இங்கே ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். 1917-ல் ஜப்பானில் தயாரான "நமகுரா கதானா" என்ற மிகச் சிறிய கார்ட்டூன் படம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. சுமார் 90 ஆண்டுகளுக்குப் பின் ஒசாகா நகரின் பழம்பொருள் சந்தையில் அதன் சுருள் அகப்பட்டது. 2008-ல் செய்தி வெளியாயிற்று. யாரும் கவனியாமல் கிடந்தும் அது பிழைத்தது. கம்ப்யூட்டர் யுகத்துப் படத்துக்கு அந்தப் பாக்கியம் அரிது. வாடகை நின்றால் அழிக்கிறார்கள். தட்டு பழுதானால் தானே அழிகிறது. இதைக் காப்பாற்ற ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இது ஜப்பானியப் படத்தோடு நிற்கும் விஷயமா? உங்கள் மகளின் முதல் மழலை, தாத்தாவின் கடைசிப் பேச்சு, எல்லாம் இன்று எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலோதான் இருக்கின்றன. இன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கதவடைக்கிறவர்கள் நம் சௌகரியத்தைப் பார்த்து நாள் குறிப்பதில்லை.