இரண்டு எஜமானர்களுக்கு ஓர் எண்ணெய்

கலிபோர்னியா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, நாற்பது மைலுக்கும் அதிகமான நீளத்தில் மணற்குன்றுகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றிடையே கிளாமிஸ் என்று ஓர் இடம். கோடையில் அங்கே மனிதர் கால் வைக்க முடியாது. ஐப்பசி பிறந்து வெயில் தணிந்ததும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். தீர்த்த யாத்திரைக்காக அல்ல. குன்றுகளின்மேல் மோட்டார் வண்டிகளை ஏற்றி இறக்குவதற்காக! ஒவ்வொரு வண்டியிலும் நீண்ட கழி ஒன்றில் கொடி பறக்க வேண்டும் என்பது அவ்விடத்துச் சட்டம். குன்றின் மறுபுறத்திலிருந்து ஒருவன் ஏறி வந்தால், ஆளுக்கு முன்னால் கொடி தெரியும் அல்லவா?

அப்பக்கத்தில் உத்தியோகம் பார்க்கும் நம் நண்பர் ஒருவர் அங்கே போய்த் திரும்பியதும் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். “யந்திரம் சிங்கம்போல் கர்ஜிக்கிறது, வண்டி ஆமைபோல் நகர்கிறது. பாதிக் குன்றில் நின்றேவிட்டது. பின்னால் சறுக்கிக் குப்புறக் கவிழாமல் தப்பியது பெரியோர் செய்த புண்ணியம். இத்தனைக்கும் புறப்படுவதற்கு முதல் நாள்தான் உயர்ந்த எண்ணெயாக வாங்கி ஊற்றினேன்” என்பது கடிதத்தின் சாரம்.

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் நமக்கு நோயின் மூலம் விளங்கிவிட்டது. தையல் யந்திரம் முதல் தண்ணீர்ப் பம்பு வரையில் பலவற்றுக்கு இப்பகுதியில் எண்ணெய் இட்டுப் பார்த்திருக்கிறோம். இந்த வாரம் மணற்குன்று வண்டியின் முறை.

நண்பரிடம் இருப்பது யமஹா பான்ஷீ என்னும் நான்கு சக்கர வண்டி. ‘குவாட்’ என்று அமெரிக்கர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஜாதியைச் சேர்ந்தது. பான்ஷீ என்பது அயர்லாந்து தேசத்துக் கதைகளில் வரும் ஒரு பெண் ஆவியின் பெயர். ஒரு வீட்டில் சாவு நேரப்போகிறது என்றால் முன்கூட்டியே வந்து ஓலமிடுமாம்! இந்த வண்டி போடும் கூச்சலைக் கேட்டவர்கள், பெயர் வைத்தவரின் ரஸனையை மெச்சவே செய்வார்கள். 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, இரட்டை ஸிலிண்டர், ஆறு கியர். 1987-ல் வெளிவந்தது, அமெரிக்காவில் 2006-ஆம் வருஷத்து மாடலோடு விற்பனை நின்றது. ஹோண்டாவின் டி.ஆர்.எக்ஸ். 250 ஆர் வண்டியோ 1986 முதல் 1989 வரையில்தான் உற்பத்தியாயிற்று. எனவே இன்று ஓடும் இவ்வகை வண்டிகள் யாவும் வயதானவை. புது வண்டி வாங்கித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றின் யந்திரம் இரண்டு வீச்சு யந்திரம். நான்கு வீச்சு யந்திரத்தில் ஒரே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்வரும். இரண்டு வீச்சில் அது நடவாது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து அழுத்தப்பட்டுப் பிறகே மேலே போகிறது. அந்த அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க வழியில்லை. ஆகவே கிராங்க்குக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து அனுப்புகிறார்கள். அது அங்கேயே எரிந்து புகையாகிறது. கியர்ப் பெட்டிக்கென்று தனியாக வேறோர் எண்ணெய். 1985 முதல் 1996 வரையில் நம் நாட்டில் விற்பனையான ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகத் தெரியும். அதிலும் வறுக்கும் எண்ணெய் வேறு, விளக்கெண்ணெய் வேறு என்பதுபோல் இரண்டு எண்ணெய்கள் உண்டு.

கியர்ப் பெட்டிக்குள் ஊற்றும் அந்த எண்ணெய்க்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் கியர். எஃகுப் பல்லும் எஃகுப் பல்லும் நெருக்கி உராயும்போது இடையே வழுக்கலை உண்டாக்கு என்று அவர் உத்தரவு போடுகிறார். மற்றவர் கிளட்ச். இந்த வண்டிகளில் கிளட்ச் அதே எண்ணெயில் நனைந்துகொண்டே வேலை செய்கிறது. உராய்வுத் தகடு ஒன்று, எஃகுத் தகடு ஒன்று என மாற்றி மாற்றி, தோசை அடுக்கியதுபோல் அடுக்கி, ஸ்பிரிங்குகளால் அழுத்தி வைத்திருப்பார்கள். இடக்கைப் பிடியை அழுத்தினால் தகடுகள் விலகும். விட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கவ்வினால்தான் யந்திரத்தின் பலம் சக்கரத்துக்குப் போகும். ‘வழுக்காதே, பிடி’ என்பது இவருடைய உத்தரவு. ஒருவர் வழுக்கு என்கிறார். ஒருவர் வழுக்காதே என்கிறார். இருவருக்கும் மனங்கோணாமல் ஊழியம் செய்யும் எண்ணெயைத் தேடுவதுதான் பிரச்னை.

நம் நண்பர் செய்த பிழைக்கு வருவோம். அவர் அசட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. வண்டியோடு வந்த புஸ்தகத்தைப் பார்த்தார். 10 டபிள்யூ 30 மோட்டார் எண்ணெய், ‘எஸ்.ஈ.’ ரகம் என்று அதில் அச்சிட்டிருந்தது. கடைக்குப் போனார். 10 டபிள்யூ 30 என்ற எழுத்தைக் கண்டார். இருப்பவற்றில் விலை அதிகமானதாகப் பார்த்து வாங்கினார். புஸ்தகம் பொய் சொல்லவில்லை. கடை அலமாரிதான் மாறிவிட்டது. எஸ்.ஈ. என்பது 1970-களில் கார்களுக்காக ஏற்பட்ட தரம். அக்காலத்து எண்ணெயில் கிளட்சைக் கெடுக்கும் சரக்குகள் இல்லை. பிற்பாடு பெட்ரோல் செலவைக் குறைக்க வேண்டும் என்ற கவலை வந்தது. உராய்வைக் குறைக்கும் ரஸாயனங்களைக் கார் எண்ணெயில் சேர்த்தார்கள். காருக்கு அது நல்லது. காரின் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை. நனைகிற கிளட்சுக்கு அதுவே விஷம். 10 டபிள்யூ 30 போன்ற மெல்லிய ரகங்களில்தான் இந்தச் சரக்கு பெரும்பாலும் சேர்ந்திருக்கிறது. டப்பாவின் பின்புறத்தில் வட்ட முத்திரை ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சக்தியைச் சேமிப்பது, வளங்களைச் சேமிப்பது என்ற பொருளில் இங்கிலீஷ் வார்த்தைகள் காணப்பட்டால், அந்த டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்.

பின் எதைப் பார்த்து வாங்குவது? இந்தச் சங்கடத்தை உத்தேசித்தே ஜப்பானியர்கள் 1998-ல் ‘ஜாஸோ’ என்ற தர நிர்ணயத்தை மோட்டார் சைக்கிள் எண்ணெய்களுக்கு ஏற்படுத்தினார்கள். நனைந்த கிளட்சைப் பிடிக்க விடும் எண்ணெய்க்கு ‘எம்.ஏ.’ முத்திரை. வழுக்கல் அதிகமான, ஸ்கூட்டர்களுக்கு ஏற்ற எண்ணெய்க்கு ‘எம்.பி.’ முத்திரை. 2006-ல் எம்.ஏ.யையும் இரண்டாகப் பிரித்து, பிடிப்பு அதிகமுள்ளதை எம்.ஏ. 2 என்றார்கள். நமக்கு வேண்டியது எம்.ஏ. அல்லது எம்.ஏ. 2, எம்.பி. ஆகாது. இதே ஜாஸோ பெயரில் ‘எஃப்.ஸி.’, ‘எஃப்.டி.’ என்ற எழுத்துக்களும் சில டப்பாக்களில் உண்டு. அவை பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்க்கு உரியவை. அதைக் கியர்ப் பெட்டியில் ஊற்றிவிட்டுத் திகைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கியர்ப் பெட்டிக்குக் கியர் ஆயில்தானே பொருத்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் கார்களின் பின் அச்சுக்கு ஊற்றும் கனத்த கியர் ஆயில், ஈரமான கிளட்சை மனத்தில் வைத்துத் தயாரித்ததல்ல. குளிர்ந்த காலை வேளையில் அது தகடுகளை ஒட்டிக்கொள்ளச் செய்யும். பிடியை முழுதும் அழுத்தினாலும் வண்டி முன்னே ஊரும்; நியூட்ரல் அகப்படாது. இரண்டு வீச்சு வண்டியின் கியர்ப் பெட்டிக்கென்றே தயாரித்த எண்ணெய்கள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றில் 80 என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். கியர் எண்ணெயின் எண்களும் மோட்டார் எண்ணெயின் எண்களும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் எண்ணெயில் 80 என்பது கனத்தில் மோட்டார் எண்ணெயின் 20, 30 என்ற எண்களுக்குச் சமீபமானது. படியும் மரக்காலும்போலத்தான். ஈரக் கிளட்சுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பந்தயக்காரர்கள் வேறொரு உபாயம் சொல்வார்கள். ஃபோர்டு கம்பெனியார் தங்கள் பழைய தானியங்கிக் கியர்ப் பெட்டிகளுக்காக வகுத்த ‘எஃப்’ வகைத் திரவத்தை ஊற்றுவது அது. அதில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இல்லை. கிளட்ச் உடும்புப்பிடியாகப் பிடிக்கும். உண்மைதான். ஆனால் அது மெல்லியது. சில விநாடி ஓட்டத்துக்காக வண்டி வளர்ப்பவர்கள் அடிக்கடி வடித்து மாற்றிக்கொள்வார்கள். நாள் முழுதும் குன்றேறிக் குடும்பத்தோடு திரும்ப வேண்டியவருக்கு எம்.ஏ. முத்திரை பெற்ற எண்ணெயே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

எண்ணெய்மேல் பழி போடுமுன் கிளட்ச் கம்பியைப் பார்க்க வேண்டும். பிடியில் சிறிதளவாவது தளர்ச்சி இல்லாவிட்டால் தகடுகள் எப்போதும் அரைகுறையாக விலகியே இருக்கும். அப்போது அமிர்தத்தை ஊற்றினாலும் வழுக்கும். கம்பி சரியாக இருக்குமானால், சமதரையில் மேல் கியரில் நிதானமாகப் போகும்போது திராட்டிலைச் சட்டென்று முழுதும் திறந்து பாருங்கள். சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். புகைக்குழாயை மாற்றி யந்திரத்தின் பலத்தைக் கூட்டியவர்கள் கிளட்ச் ஸ்பிரிங்குகளையும் பலமுள்ளதாக மாற்றியிருக்க வேண்டும்.

எண்ணெய் மாற்றுவது பெரிய வித்தை அல்ல. வண்டியைச் சிறிது ஓட்டிச் சூடேற்றியபின் அடித்திருகைக் கழற்றி வடிக்க வேண்டும். பான்ஷீக்கு ஒவ்வொரு தடவையும் சுமார் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். மணலில் ஓட்டுபவர்கள் சில சவாரிகளுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நலம். ஏனெனில் இந்த எண்ணெயில் கரி சேராவிட்டாலும் கிளட்ச் தகடுகளின் தூள் சேருகிறது. பற்சக்கரங்கள் அரைத்து அரைத்து எண்ணெயின் கனமும் குறைகிறது. விலையுயர்ந்த எண்ணெயை வருஷக்கணக்கில் விட்டு வைப்பதைவிட, நடுத்தர எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே சிலாக்கியம்.

வடித்த எண்ணெயை உடனே கொட்டிவிடக் கூடாது. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அதைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் சகஜம். மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பான்ஷீயில் தண்ணீர்ப் பம்பு வலப்புறத்து மூடியில் கியர்ப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதன் ஸீல் தேய்ந்தால் இப்படி ஆகும். பெட்ரோல் வாசனை அடித்தால், கிராங்க் அறைக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவேயுள்ள ஸீல் சந்தேகத்துக்கு உரியது. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் எண்ணெய் குறைந்து, வெண்புகையும் கிளம்பினால், அதே ஸீல் வழியாக யந்திரம் கியர் எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கிறது என்று அறியலாம்.

நண்பருக்கு இவ்வளவும் எழுதினோம். அவர் பழைய எண்ணெயை வடித்து, எம்.ஏ. முத்திரை எண்ணெயை ஊற்றிச் சிறிது ஓட்டி, அதையும் வடித்து மறுபடி நிரப்பினார். வழுக்கல் பாதி குறைந்தது. தகடுகளில் ஊறிய சரக்கு முற்றும் போகவில்லை. ஆகவே புதுத் தகடுகள் வாங்கி, ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார். மாசி பிறப்பதற்குள் அதே குன்றில் ஏறி இறங்கியாயிற்று.

நேற்று இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. கிளட்ச் பேஷாக இருக்கிறதாம். ஆனால் எண்ணெய் அளவு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது, வலது ஸிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஈரமாக இருக்கிறது, வெண்புகையும் உண்டு, எண்ணெயை மறுபடி மாற்றட்டுமா என்று கேட்கிறார். ‘எண்ணெயின்மேல் குற்றமில்லை; வலப்புறத்து ஸீலைப் பாருங்கள்’ என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறோம்.