மீன் பாடியது போதும்

மட்டக்களப்பைப் பற்றிப் பேச எழும் எவரும் ‘மீன் பாடும் தேன்நாடு’ என்றே தொடங்குகின்றனர். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் வாவியின் இசை கேட்கும் என்பர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் அதைக் கேட்டு எழுதியும் வைத்தார். பாடுவது மீனா, ஊரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நாம் கேட்பது வேறு. அவ்வாவிக்கரையில் மனிதரும் பாடினரே, அவர்களுக்குச் செவி கொடுத்தவர் யார்?

வீரமுனை வயலோரத்தில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுத் திரும்பிய எமக்கு இக்கேள்வி வகுப்பறையிலேதான் உதித்தது. வீட்டில் பாடுவோர் உண்டா என்று ஒருநாள் வினவினோம். ஒரு மாணவி தயங்கி எழுந்தாள். “எங்கட உம்மம்மா கவி பாடுவா சேர். ஆனா அது பாட்டில்லையே” என்றாள். அது பாட்டல்ல என்று அவளுக்குக் கற்பித்தவர் யார்? நாமேதான், எமது பாடநூல்கள்தாம், எமது பரிசளிப்பு விழாக்கள்தாம்.

பரணில் காவலிருந்தவன் பாடினான். கதிர் அறுத்தவள் பாடினாள். மச்சானும் மச்சியும் கவியால் கேள்வி தொடுத்துக் கவியால் விடை பகர்ந்தனர். தமிழர் குடியிலும் முஸ்லிம்கள் குடியிலும் கவியின் நடை ஒன்றே. வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடப்படும் கோயிலுக்கு அப்பால், றபான் தட்டிப் பாடும் பக்கீர் பாவாவின் குரல் எழும். கூத்துக் களரியில் மத்தளத்தின் முன் நிற்பவரும் அண்ணாவியார். களிகம்பு அடிப்போரை ஆட்டுவிப்பவரும் அண்ணாவியாரே. பெயரையே பங்கிட்டுக்கொண்ட கலையை இருவேறு வேலிகளுக்குள் அடைத்தவர் அதைப் பாடியவர் அல்லர்.

பரீட்சைத் திணைக்களத்துக்கோ தமிழ்ப் பிள்ளையின் இசை என்றால் கர்நாடக சங்கீதம். அவ்விசையை நாம் பழிக்கவில்லை; அதன் நுட்பம் பெரிது. அது ஒன்றே இசை, மற்றவை ‘கிராமிய அம்சம்’ என்னும் மனப்பான்மையையே எதிர்க்கிறோம். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். அவர் தொண்டு போற்றற்குரியது. ஆயினும், அதுவரை அதே கூத்தை விடியவிடிய ஆடிய உழவனைக் கலைஞன் என்று அழைக்கப் படித்தவர்களுக்கு நா எழவில்லையே, ஏன்?

பறையின் கதை இன்னும் கசப்பானது. மரண வீட்டிலும் கோயில் சடங்கிலும் பறை வேண்டும். அதை அடிப்பவன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்! அவனுடைய மகன் பறையைத் தொட மறுத்தால், ‘பாரம்பரியம் அழிகிறதே’ என்று விழா மேடையில் கண்ணீர் உகுக்கிறோம். அம்மகன் மறுப்பது இசையையன்று, இழிவை. சாதியை வைத்துக்கொண்டு பறையை மட்டும் காப்பாற்ற நினைப்பவன் கலைக் காவலன் அல்லன், சாதியின் காவலனே.

இங்கே சிலர் விபுலாநந்த அடிகளை எமக்கு எதிராக நிறுத்தக்கூடும். எமது அயலூரான காரைதீவில் 1892இல் பிறந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்த யாழைப் பழம்பாடல்களின் சான்றுகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டார். 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். மறைந்துபோன ஓர் இசைக்காக வாழ்நாளின் பல ஆண்டுகளை ஈந்தார் அவர். நாமோ, உயிரோடிருக்கும் கிழவியின் கவிக்கு ஒரு பாடவேளை ஈயவும் மறுக்கிறோம். சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. செவி சாய்ப்பதன்றோ கடினம்!

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், ஏறாவூரிலும், எமது வீரமுனைப் பிள்ளையார் கோயிலிலும் நிராயுதபாணிகள் கொன்று குவிக்கப்பட்டனர். பொதுவான கவி அக்கொலைகளைத் தடுத்துவிடவில்லை. பாட்டு துப்பாக்கியை நிறுத்தும் என்று கதைகட்ட நாம் ஆயத்தமாயில்லை. எனினும், அடுத்த ஊரானைப் பகைவனென்று மட்டுமே அறிந்து வளர்ந்த பிள்ளைகளின் முன், அவனது உம்மம்மாவும் தன் அம்மம்மாவும் ஒரே நடையில் பாடினர் என்ற உண்மையை வைப்பது ஆசிரியனின் கடமை. அதை மறைப்பது பொய்க்குத் துணைபோவதாகும்.

ஆகவே, ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! அரசின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலோ அயலிலோ ஒரு கவியைக் கேட்டு, பாடியவர் விரும்பினால் அவர் பெயரோடு எழுதி வரட்டும். அண்ணாவியாரைப் பள்ளிக்கு அழைப்போம். பொன்னாடையோடு அனுப்பிவிடாமல், சங்கீத ஆசிரியருக்குரிய கூலியையும் நாற்காலியையும் அவருக்கும் அளிப்போம். பறையடிப்பவரை முதலில் வாசலுக்குள் அழைப்போம். அடிப்பதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

வாவியில் மீன் பாடட்டும்; அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. கரையில் மனிதன் வெட்கமின்றிப் பாடும் நாளே இந்நாடு தேன்நாடாகும் நாள்.